அட்டை இல்லாத நூல், முகவரி இல்லாத கடிதம்



என் பழைய மாணவர் ஒருவர் போனில் கேட்டார்: "சார், கிண்டிலில் நூறு தமிழ் நூல்களுக்கு மேல் இறக்கி வைத்திருக்கிறேன். எல்லாமே ஒரே மாதிரி சாம்பல் கட்டமாகத் தெரிகின்றன. எது எந்த நூல் என்றே புரியவில்லை. அட்டைப்படம் சேர்க்கலாம் என்கிறார்கள். அது வெறும் அலங்காரம்தானே, அதற்காக இவ்வளவு மெனக்கெடணுமா?"

நல்ல கேள்வி. சிவகாசிப் பக்கத்து ஆட்களுக்கு இதில் சொல்ல நிறைய உண்டு. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்த கதை நம் பகுதியில் எல்லாருக்கும் தெரியும். தீப்பெட்டி வந்தது. அதற்கு லேபிள் வேண்டியிருந்தது, லேபிளுக்காக லித்தோ அச்சகம் வந்தது. காலண்டர், டைரி, பாடப்புத்தகம், நோட்டு அட்டை எல்லாம் அதன் பின்னால் வந்தவை. நம் ஊர் அச்சுத்தொழிலின் வேர் அந்தச் சின்ன லேபிளில்தான் இருக்கிறது.

அந்த லேபிள் எதற்கு? குச்சி எல்லாப் பெட்டியிலும் ஒன்றுதான். வாங்குகிறவர்களில் பெரும்பாலோருக்கு அப்போது எழுத்து தெரியாது. கடையில் போய்ப் படத்தின் பேரைச் சொல்லித்தான் கேட்பார்கள். பட்டாசிலும் இதே கதைதான். இன்றைக்கும் "சேவல் மார்க்" என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆக, மேலே ஒட்டிய படம் அழகுக்கு மட்டும் வந்ததில்லை. இது இன்னது, இன்னாருடையது என்று சொல்ல வந்தது. அழகு அதற்குப் பிறகு சேர்ந்தது. கோவில்பட்டியில் இருந்த ஓவியர் கொண்டையராஜுவும் (1898–1976) அவருடைய சீடர்களும் வரைந்த முருகனும் லட்சுமியும் சிவகாசி காலண்டர்களில் ஏறி வீட்டுக்கு வீடு பூஜை அறை வரை போனார்கள். 1972இல் சிவகாசியில் முத்து காமிக்ஸ் தொடங்கி இரும்புக்கை மாயாவி வந்தபோது, பிள்ளைகளைக் கடை வாசலில் பிடித்து நிறுத்தியது அந்த அட்டைதான்.

இப்போது இன்னும் பின்னால் போவோம். படம் ஒரு பெயராக நிற்பது தமிழுக்குப் பழைய பழக்கம். குறுந்தொகையின் 40ஆம் பாட்டையும் 41ஆம் பாட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். பாடியவர்களின் இயற்பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. பாட்டில் வரும் காட்சியை வைத்தே ஒருவர் செம்புலப்பெயனீரார் ஆனார், மற்றவர் அணிலாடு முன்றிலார் ஆனார். பெயர் தொலைந்த இடத்தில் ஒரு படத்தை மாட்டி அடையாளம் கொடுத்திருக்கிறார்கள். பிள்ளைகளும் அந்தப் பெயரைக் கேட்டால் பாட்டை மறப்பதில்லை.

அடுத்தது பதிற்றுப்பத்து. பத்துப் பத்துகள் கொண்ட நூல். உ.வே.சாமிநாதையர் 1904இல் பதிப்பித்தபோது கிடைத்தவை எட்டுப் பத்துகள்தான். இல்லாமல் போனவை எவை தெரியுமா? முதல் பத்தும் கடைசிப் பத்தும். ஓலைக்கட்டில் முதலில் சிதைவது இரண்டு ஓரத்து ஏடுகள்தான் என்பது சுவடிகளைக் கையாண்டவர்களுக்குத் தெரியும். அதற்காகத்தான் இருபக்கமும் மரச்சட்டம் வைத்துக் கயிறு கட்டினார்கள். நூலில் மேலே இருப்பதுதான் முதலில் அழியும். நூல் யாருடையது என்ற விவரம் இருப்பதும் பெரும்பாலும் அங்கேதான்.

அட்டை இல்லாத நூலுக்கு வாசகரே அட்டை போட்ட காலமும் உண்டு. 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் பொன்னியின் செல்வன் தொடராக வந்தபோது, வாரா வாரம் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, மணியம் ஓவியங்களோடு பைண்டு செய்து வைத்தார்கள். காலிகோ அட்டை, முதுகில் கையால் எழுதிய தலைப்பு. அப்படிச் செய்த வீடுகளில் பேரப்பிள்ளைகளும் அந்தக் கதையைப் படித்தார்கள். பைண்டு செய்யாத வீடுகளில் அந்த இதழ்கள் எடைக்குப் போயின.

இனி மின்னூலுக்கு வருவோம். 1998 பொங்கலன்று மதுரைத் திட்டம் தொடங்கியது. சுவிட்சர்லாந்தில் இருந்த கல்யாணசுந்தரமும் உலகெங்கும் உள்ள தன்னார்வலர்களும் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து, பிழை திருத்தி, இலவசமாகக் கொடுத்தார்கள். அந்தக் கோப்புகளுக்குப் பட அட்டை கிடையாது. ஆனால் தொடக்கத்தில் ஒரு முகப்புப் பகுதி உண்டு. தட்டச்சு செய்தவர் யார், பிழை திருத்தியவர் யார் என்று அதில் இருக்கும். இதை நீக்காமல் யாருக்கு வேண்டுமானாலும் கொடுங்கள் என்ற வேண்டுகோளும் இருக்கும். அதுதான் அந்த நூலின் உண்மையான அட்டை.

2013இல் த. சீனிவாசனும் நண்பர்களும் ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்தைத் தொடங்கினார்கள். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வரும் நூல்களை இபப், மொபி, ஆறு அங்குல பிடிஎஃப் என்று கையடக்கக் கருவிக்கு ஏற்றபடி தருகிறார்கள். நூலாசிரியர் பெயரோடு, மின்னூலாக்கியவர் பெயரும் அட்டைப்படம் செய்தவர் பெயரும் அங்கே போடப்படுகின்றன. அட்டை செய்தவரையும் நூலின் உழைப்பாளியாக எண்ணும் இந்தப் பழக்கம் எனக்கு மிகவும் பிடிக்கும். லேபிள் வரைந்த எத்தனையோ கைகளின் பெயரை நம் ஊர் எழுதி வைக்கவில்லை அல்லவா?

சரி, மாணவரின் கேள்விக்குச் செய்முறை பதில்.

இபப் கோப்பு என்பது உண்மையில் ஒரு ஜிப் பொட்டலம். உள்ளே பாடம் இருக்கும், படங்கள் இருக்கும், எல்லாவற்றுக்கும் ஒரு பட்டியல் இருக்கும். "இந்தப் படம்தான் அட்டை" என்று அந்தப் பட்டியலில் குறித்திருந்தால்தான் கருவி அதை அட்டையாகக் காட்டும். உள்ளே அழகான படம் இருந்தும் கட்டம் சாம்பலாகத் தெரிந்தால், பட்டியலில் அந்தக் குறிப்பு இல்லையா என்று பாருங்கள்.

இதைக் கையால் செய்ய வேண்டாம். கோவிட் கோயல் 2006இல் தொடங்கிய காலிபர் என்ற இலவச மென்பொருள் போதும். நூலைத் தேர்ந்தெடுத்து, விவரம் திருத்தும் பகுதியில் படத்தைச் சேர்த்து, தலைப்பையும் ஆசிரியர் பெயரையும் தமிழில் சரியாக எழுதுங்கள். ஒன்றைக் கவனியுங்கள்: அப்போது அட்டை காலிபரின் அலமாரியில்தான் சேர்கிறது, நூல் கோப்புக்குள் போவதில்லை. காலிபர் வழியாகக் கருவிக்கு அனுப்பும்போதோ, விவரங்களைக் கோப்பில் பதிக்கும் கட்டளையைக் கொடுக்கும்போதோ உள்ளே போகும். நேராகக் கோப்பை நகலெடுத்து நண்பருக்குக் கொடுத்தால் அட்டை போகாது.

படம் 2560க்கு 1600 என்ற அளவில், உயரம் கூடுதலாக இருந்தால் நல்லது. சாதாரண மின்தாள் திரை கறுப்பு வெள்ளைதான், பதினாறு சாம்பல் சாயல்கள். கருஞ்சிவப்பும் கரும்பச்சையும் அதில் ஒன்றாகிவிடும். நம் ஊர்ப் பட்டாசுப் பெட்டி வண்ணங்கள் இங்கே எடுபடாது. வெளிர் பின்னணியில் கறுப்பாக, பெரிதாகத் தலைப்பு இருக்கட்டும். கட்டம் தபால்தலை அளவுக்குச் சிறுத்தாலும் படிக்க முடிய வேண்டும்.

கடைசியாக ஒன்று, இதுதான் முக்கியம். அட்டை போடுகிறேன் என்று நூலின் முகப்புப் பக்கத்தை நீக்கிவிடாதீர்கள். கோப்பை மாற்றும்போது "தேவையில்லாத முதல் பக்கம்" என்று அதை வெட்டிவிட்டுப் பளபளப்பான படம் ஒன்றை ஒட்டி அனுப்புகிற வழக்கம் பெருகியிருக்கிறது. பதிப்பாசிரியர், உரையாசிரியர், தட்டச்சு செய்தவர் எல்லாரும் ஒரே வெட்டில் போய்விடுகிறார்கள். அன்றைக்குக் கரையானும் காலமும் செய்ததை இன்று நாமே செய்கிறோம். அட்டையில் ஆசிரியர் பெயர், முடிந்தால் உரையாசிரியர் பெயர். உள்ளே பழைய முகப்பு அப்படியே. இந்த இரண்டும் இருந்தால் போதும்.

உங்களிடம் அட்டை இல்லாத தமிழ் மின்னூல்கள் இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை பத்து நூல்களுக்காவது அட்டை போட்டுப் பாருங்கள். வீட்டில் படம் வரையும் பிள்ளை இருந்தால் அந்த வேலையை அவனிடமோ அவளிடமோ கொடுங்கள். வரைந்த பிள்ளையின் பெயரையும் ஓரமாகப் போடுங்கள்.

சந்தேகம் இருந்தால் கேளுங்கள். தெரிந்தவரை சொல்கிறேன்.