கிணற்றடிக்கு வந்த சோதனைச்சாலை

தெளிந்த நீரெல்லாம் தூய நீர் என்று நாம் நெடுங்காலம் நம்பி வந்தோம். கலங்கலைக் கண் காட்டிவிடும். நாற்றத்தை மூக்கு உணர்ந்துவிடும். கிருமியை உணரவல்ல புலன் நமக்கு இல்லை. 1884-ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் ராபர்ட் காக், கல்கத்தாவில் ஒரு குளத்து நீரில் காலராக் கிருமியைக் கண்டார். சுற்றிலும் வாழ்ந்தோர் குளித்ததும், துணி துவைத்ததும், குடித்ததும் அந்நீரிலேதான்.

பின்னர் நீரைச் சோதித்தறியும் முறைகள் வளர்ந்தன. நோய்க்கிருமி ஒவ்வொன்றையும் தனித்தனியே தேடுவது அரிது. ஆகவே, மனிதக் குடலில் வாழும் பாக்டீரியாக்கள் நீரில் உண்டா என்று பார்த்தனர். அவை இருப்பின் மலம் கலந்திருக்கக்கூடும். அவ்வழியே காலராவும் டைபாய்டும் வரக்கூடும். ஆனால் இச்சோதனைக்குக் கிருமி நீக்கிய கலங்களும், வெப்பநிலை மாறாத பெட்டியும், பயிற்சி பெற்றவரும் வேண்டும். நீரைக் குளிர்ச்சியாக வைத்து விரைவில் கொண்டு சேர்க்கவும் வேண்டும். நகரங்களுக்கு இவ்வசதிகள் கிட்டின. சிற்றூர்க் கிணறுகளோ பெரும்பாலும் சோதிப்பாரற்றுக் கிடந்தன.

இக்குறையைத் தீர்க்க ஓர் எளிய வழி கண்டவர்கள் நம் நாட்டு விஞ்ஞானிகளே. குவாலியரிலுள்ள பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த மஞ்சா, மௌரியா, ராவ் ஆகிய மூவர், 1982-இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் தம் முறையை வெளியிட்டனர். ஊட்டப்பொருளும், இரும்பு உப்பும், தயோசல்பேட்டும் தோய்த்து உலர்த்திய காகிதத் துண்டு ஒரு சிறு புட்டியில் இருக்கும். அதில் நீரை ஊற்றி, வெதுவெதுப்பான இடத்தில் ஏறத்தாழ ஓர் இரவு வைக்க வேண்டும். மலத்தோடு வரும் பாக்டீரியாக்கள் பல, தயோசல்பேட்டிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடு என்னும் வாயுவை உண்டாக்கும். அவ்வாயு இரும்போடு கூடிக் கரிய சல்பைடாகும். புட்டி கறுத்தால் நீரை ஐயுற வேண்டும். எழுத்தறியாதவரும் இக்குறியைப் படித்துவிடலாம்.

இம்முறைக்கும் எல்லை உண்டு. நிலத்தடி நீரில் இயற்கையாகவே சல்பைடு இருப்பின், மாசு இல்லாமலே புட்டி கறுக்கக்கூடும் என்று, 2002-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட ஆய்வு எச்சரித்தது. கறுக்காத நீரில் தீங்கே இல்லை என்று உறுதி கூறவும் இயலாது. ஆகவே, ஐயம் எழுந்தால் நீரைக் கொதிக்க வைத்துப் பருகுதலும், சோதனைச்சாலைக்கு அனுப்புதலும் அவசியம்.

2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம், சிற்றூர்தோறும் ஐந்து பெண்களுக்கு நீர்ச் சோதனையில் பயிற்சி அளிக்க வகை செய்தது. தலைமுறைகளாக நீர் சுமந்து வந்த கைகளுக்கு, அந்நீரைச் சோதிக்கும் உரிமையும் உரியதே. புட்டி கறுத்தது என்று அவர்கள் கூறும்போது, அதைக் கேட்டு ஆவன செய்தல் நம் அனைவரின் கடமையாகும்.