குளிர் அணுக்களுக்கு வந்த வெப்பக் கணக்கு

1924-இல் டாக்கா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய சத்யேந்திரநாத் போஸ், ஒளித்துகள்களை எண்ணுவதற்குப் புதிய முறை வகுத்தார். ஐன்ஸ்டைன் அதை அணுக்களுக்கும் விரித்து, போதிய குளிர்ச்சியில் ஏராளமான அணுக்கள் ஒரே குவாண்டம் நிலையில் குவியும் என்று காட்டினார். அந்தச் செறிபொருள் ஆய்வகத்தில் உருவானது 1995-இல்தான். அதை விவரிக்கும் சமன்பாட்டை கிராஸும் பிட்டேவ்ஸ்கியும் 1961-லேயே தனித்தனியே எழுதியிருந்தனர். அணுக்களின் மோதலால் அதில் நேரியலற்ற உறுப்பு ஒன்று சேர்வதால், பெரும்பாலும் கணினியில்தான் தீர்க்க வேண்டியிருக்கிறது.

அணுக்களை அடைத்துவைக்கும் பொறியை இரு திசைகளில் இறுக்கினால் திரள் சுருட்டு வடிவில் நீளும். ஒரு திசையில் மட்டும் இறுக்கினால் தட்டையாகும். இறுக்கிய திசையில் அசைவு ஒடுங்கிவிடுவதால் கணக்கிலிருந்து அத்திசையை நீக்கிவிடலாம். 2001-இல் எம்.ஐ.டி.யில் சோடியம் அணுக்களைக் கொண்டு இவ்விரு வடிவங்களும் உருவாக்கப்பட்டன. கணக்கும் வெகுவாகக் குறைகிறது: திசைக்கு 300 புள்ளிகள் எனக் கொண்டால் முப்பரிமாணத்துக்கு 2 கோடியே 70 லட்சம் புள்ளிகள் வேண்டும், இருபரிமாணத்துக்கு 90,000, ஒருபரிமாணத்துக்கு 300 போதும்.

தீர்க்கும் வழி வெப்ப ஆய்விலிருந்து வந்தது. வெப்பக் கடத்தல் வகைச் சமன்பாடுகளுக்காக ஜான் கிராங்கும் ஃபிலிஸ் நிக்கல்சனும் 1947-இல் ஓர் எண்முறையை வெளியிட்டனர். கிராஸ்-பிட்டேவ்ஸ்கி சமன்பாட்டில் காலத்தைக் கற்பனை எண்ணாக மாற்றினால், அது வெப்பம் பரவும் சமன்பாட்டின் வடிவத்தை எடுக்கிறது. ஒரு தோராய அலைச்சார்பில் தொடங்கி, அணுக்களின் மொத்த எண்ணிக்கை மாறாதபடி ஒவ்வோர் அடியிலும் திருத்திக்கொண்டே போனால், உயர் ஆற்றல் நிலைகள் தேய்ந்து அடிநிலை எஞ்சும். மெய்க்காலத்தில் ஓட்டினால் திரளின் அசைவு தெரியும்.

இம்முறையை எவரும் எடுத்தாளும் நிரல்களாக்கியதில் திருச்சிக்குப் பங்குண்டு. பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் பி. முருகானந்தமும் பிரேசிலின் சாவோ பாவ்லோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் எஸ். கே. அதிகாரியும் 2009-இல் 'கம்ப்யூட்டர் பிசிக்ஸ் கம்யூனிகேஷன்ஸ்' இதழில் ஃபோர்ட்ரான் நிரல்களை வெளியிட்டனர். ஒன்று முதல் மூன்று பரிமாணங்கள் வரையிலான பொறிகளுக்கு, கற்பனைக் காலத்துக்கும் மெய்க்காலத்துக்கும் தனித்தனி நிரல்கள் அதில் இருந்தன. 2012-இல் பெல்கிரேடு ஆய்வாளர்களுடன் சேர்ந்து சி மொழி வடிவமும் வெளிவந்தது.

அணுக்கள் அனைத்தும் ஒரே அலைச்சார்பைப் பகிர்கின்றன என்பதே இந்நிரல்களின் அடிப்படை. ஒருபரிமாணத்தில் அணுக்களிடையே விலக்கம் வலுத்தால் அது பொருந்தாது. அந்நிலைக்கு லீப், லினிகர் 1963-இல் கண்ட துல்லியத் தீர்வும், ஸ்டீவன் ஒயிட் 1992-இல் வகுத்த அடர்த்தி அணி மறுஇயல்பாக்க முறையும் பயன்படுகின்றன. வலுவிலக்க நிலையை 2004-இல் ருபிடியம் அணுக்களில் நடந்த சோதனைகள் நேரில் காட்டின.