எந்தத் தெரு?



புதிதாக ஓர் ஊருக்குக் குடிபோகிறவன் முதலில் தேடுவது வீட்டை அன்று. வீடு இருக்கும் இடத்தைத்தான். தண்ணீர் எப்படி, கடைத்தெரு எவ்வளவு தொலைவு, பிள்ளைகள் பள்ளிக்கு நடந்து போக இயலுமா, மழைக்காலத்தில் வாசலில் நீர் தேங்குமா, அக்கம்பக்கம் எப்படி என்றெல்லாம் விசாரித்த பிறகே வாடகையைப் பற்றிப் பேசுகிறோம். இதை மிகச் சாதாரணமான காரியம் என்றே நாம் எண்ணுகிறோம். ஆனால், தான் வாழும் தெருவைத் தானே தெரிந்தெடுக்கும் உரிமை சரித்திரத்தில் மிகப் பிந்தி வந்த உரிமை. அதுவும் எல்லோருக்கும் ஒருங்கே வந்துவிடவில்லை. தஞ்சை நகரை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை இன்று சிறிது ஆராய்வோம்.

தஞ்சை மிகப் பெரிய பட்டணம் அன்று. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அதன் மக்கள் தொகை 2,22,943. 1866-இல் நகராட்சியாகி, 2014-இல்தான் மாநகராட்சி என்னும் பெயரைப் பெற்றது. ஆயினும் வேறு பல ஊர்களுக்கு வாய்க்காத ஒரு பேறு அதற்கு உண்டு. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அங்கே இருந்த தெருக்களின் பெயர்களை இன்றும் நாம் கல்லில் படிக்கலாம். முதலாம் இராசராசன் 1010-இல் நிறைவேற்றிய பெரிய கோயிலின் கல்வெட்டுகள் நகரை இரண்டாகப் பிரித்துப் பேசுகின்றன. உட்பகுதி உள்ளாலை, வெளிப்பகுதி புறம்படி. ஆனையாட்கள் தெரு, வில்லிகள் தெரு, மடைப்பள்ளித் தெரு, சாலியத் தெரு என்ற பெயர்கள் வருகின்றன. வீரசோழப் பெருந்தெரு முதலிய பெருந்தெருக்களும், திரிபுவனமாதேவிப் பேரங்காடி போன்ற அங்காடிகளும் வருகின்றன. இப்பெயர்களைச் சற்றே உற்று நோக்குங்கள். யானைப் படையில் பணி செய்தவனுக்கு ஒரு தெரு, வில்லெடுத்தவனுக்கு ஒரு தெரு, தறி நெய்தவனுக்கு ஒரு தெரு. ஒருவன் செய்யும் தொழிலே அவன் குடியிருக்கும் இடத்தைக் காட்டிற்று.

இவற்றினும் வியப்பானது தளிச்சேரிக் கல்வெட்டு. கோயிற்பணிக்காகச் சோழ நாட்டுக் கோயில்கள் பலவற்றிலிருந்து 400 ஆடல் மகளிரை இராசராசன் தஞ்சைக்கு வருவித்துக் குடியேற்றினான். திருவையாற்றிலிருந்தும் திருவாரூரிலிருந்தும் பழையாறையிலிருந்தும் அவர்கள் வந்தனர். ஒவ்வொருத்திக்கும் ஒரு வீடு. ஆண்டுக்கு 100 கலம் நெல். எந்தத் தளிச்சேரி, அதில் தென்சிறகா வடசிறகா, எத்தனையாவது வீடு என்று ஒருவரையும் விடாமல் எழுதி வைத்தார்கள். இன்று நாம் கடித உறைமேல் எழுதும் முகவரிக்கு இதனினும் தெளிவான முன்னோடி தமிழ்நாட்டில் அரிது. ஆனால், அந்த நானூற்றுவருள் ஒருத்தியையேனும், 'உனக்கு எந்த வீடு வேண்டும்?' என்று கேட்டதாக அக்கல்வெட்டில் இல்லை. வீடு கிடைத்தது, தெரிந்தெடுக்கும் உரிமை கிடைக்கவில்லை.

அதே கோயிலின் வேறு சில கல்வெட்டுகள், கோயிலுக்கு விட்ட ஊர்களில் வரியில்லா நிலங்கள் எவை எனக் கணக்கிடுகின்றன. ஊர்நத்தம், குளம், ஊடறுத்துச் செல்லும் வாய்க்கால், சுடுகாடு ஆகியவற்றோடு கம்மாணசேரி, பறைச்சேரி என்பனவும் தனித்தனியே அங்கே குறிக்கப்படுகின்றன. ஊர் வேறு, சேரி வேறு என்னும் பிரிவு அரசாங்கக் கணக்கிலேயே ஏறியிருந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை. கோயிலின் பெருமையைப் போற்றும் நாம் அக்கோயிலின் சுவரே சொல்லும் இந்தச் செய்தியையும் மறைக்காமல் படிக்க வேண்டும்.

பின்னர் நாயக்க மன்னர் காலம் வந்தது. பதினாறாம் நூற்றாண்டில் செவ்வப்ப நாயக்கர் பெரிய கோயிலையும் சிவகங்கைக் குளத்தையும் உள்ளடக்கிச் சிறிய கோட்டையை எடுப்பித்தார். அதன் பின் பெரிய கோட்டையும் எழுந்தது. அரண்மனையும் நான்கு இராச வீதிகளும் அதனுள் அமைந்தன. அக்காலத்தவர் குடியிருப்புக்கு முதலில் எண்ணியது தண்ணீரை. தஞ்சைக்கு வடக்கே வடவாறும் வெண்ணாறும் ஓடும் வண்டல் நிலம். தெற்கிலும் தென்மேற்கிலும் வல்லம் வரை செம்மண் மேடு. மேட்டில் பெய்த மழையைச் செவ்வப்பன் ஏரியில் தேக்கி, சிவகங்கைக் குளத்தில் தெளியவைத்து, நிலத்தடிக் குழாய்களின் வழியே கோட்டைக்குள் இருந்த அய்யன் குளம் முதலிய நீர்நிலைகளுக்கு அனுப்பினார்கள். நிலத்தின் சரிவை அறிந்து செய்த வேலை அது.

1676 முதல் ஆண்ட மராட்டியர் ஆட்சி 1855-இல் முடிவுற்றது. 1861-இல் நாகப்பட்டினத்திலிருந்து புகைவண்டி தஞ்சைக்கு வந்தது. நிலையம் கோட்டைக்குத் தெற்கே அமைந்தது. அன்று முதல் ஊரின் முகமும் தெற்கு நோக்கித் திரும்பிற்று. 1934-இல் கல்லணைக் கால்வாய் பெரிய கோயிலை ஒட்டி ஓடத் தொடங்கியது. 1950-களின் இறுதியில் மருத்துவக் கல்லூரியும், 1981-இல் தமிழ்ப் பல்கலைக்கழகமும் தெற்கு மேட்டில் தோன்றின. அவற்றைச் சூழ்ந்து நகர்களும் காலனிகளும் பெருகின. இதற்கிடையே, 1915-இல் தஞ்சையைப் பார்வையிட்டு அறிக்கை எழுதிய நகரமைப்பு அறிஞர் பாட்ரிக் கெட்டிஸ், பழைய தெருக்களை இடித்துத் தள்ளி நேர்கோட்டுச் சாலை போடுவதை எதிர்த்தார். நோயுற்ற பகுதியை மட்டும் நீக்கி உடலைக் காக்கும் வைத்தியரைப்போல் ஊரைத் திருத்த வேண்டும் என்பது அவர் கொள்கை.

புதிய காலனிகளுக்கு ஒரு சிறப்பு உண்டு. அங்கே மனைக்கு விலை கொடுத்தவன் குடியேறலாம். பழைய தெருவின் பெயர் அவனைத் தொடராது. கொள்கை அளவில் இது சரி. நடைமுறை எப்படி என்பதற்கு என் வாழ்வில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்ல வேண்டும்.

ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன் ஆசிரியப் பணி ஏற்றுத் தஞ்சைக்கு வந்தேன். என்னோடு அதே நாளில் பணியேற்ற நண்பர் ஒருவரும் வீடு தேடினார். இருவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய வீதியொன்றில் காலியாயிருந்த இரண்டு வீடுகளைப் பார்க்கச் சென்றோம். இரண்டும் ஒருவருக்கே உரியவை. முற்றமும் தாழ்வாரமும் உள்ள வீடுகள். கிணற்று நீரை அள்ளிக் குடித்துப் பார்த்து, "இளநீர்தான் போங்கள்!" என்று நான் வியந்தேன். வீட்டுக்காரர் என் ஊரைக் கேட்டார்; சொன்னேன். நண்பரின் ஊரைக் கேட்டார், அவரும் சொன்னார். "ஊரிலே எந்தத் தெரு, தம்பி?" என்று அடுத்த கேள்வி வந்தது. என் நண்பர் மறைக்கவில்லை. வீட்டுக்காரர் சிறிது நேரம் கிணற்றடியையே பார்த்துவிட்டு, "ஒரு வீட்டுக்கு முன்னமே ஒருவர் சொல்லி வைத்திருக்கிறார், மறந்துவிட்டேன்" என்றார். இன்னொரு வீட்டுக்கு என்னிடம் முன்பணம் கேட்டார்.

நேயர்களே, நான் அதைக் கொடுத்தேன். மழைக்காலம் நெருங்கிவிட்டது, கைக்குழந்தை இருக்கிறது என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். திரும்பும் வழியில் நண்பர் அதைப்பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. "தண்ணீர் உண்மையிலேயே அவ்வளவு நன்றாக இருந்ததா, சார்?" என்று மட்டும் கேட்டார். அவரிடம் அந்தச் செம்பு நீட்டப்படவில்லை என்பது அப்போதுதான் என் நினைவுக்கு வந்தது. அவர் தெற்கே, பேருந்து சரியாக வராத ஒரு காலனியில் குடியேறி, பின்னர் அங்கேயே வீடு கட்டினார். நான் அந்த வீட்டில் நான்கு ஆண்டுகள் இருந்தேன். அவர் ஒருநாளும் அங்கு வந்ததில்லை. நான் வற்புறுத்தி அழைக்கவும் இல்லை.

1950-இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்பின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955-இல் அதற்குத் தண்டனை விதிக்கும் சட்டமும் பிறந்தது. பல சாதியாரும் அடுத்தடுத்த வீட்டில் வாழும்படி தமிழக அரசு 1997-இல் சமத்துவபுரத் திட்டத்தை வகுத்தது. சட்டம் வாயிலைத் திறந்துவிட்டது. ஆனால் கிணற்றடியில் நிற்கும் மூன்றாவது மனிதன் வாய் திறவாதிருந்தால் அந்த வாயில் மீண்டும் சாத்திக்கொள்கிறது. அன்று அந்த மூன்றாவது மனிதன் நான். சரித்திரம் கற்பிக்க வந்தவன், சரித்திரம் என் எதிரே நடந்தபோது சும்மா இருந்தேன்.

மாணவ நண்பர்களே, நாளை நீங்களும் ஏதோ ஒரு நகரில் வீடு தேடுவீர்கள். நிலத்தின் சரிவைப் பாருங்கள். நீர்நிலையைத் தூர்த்த இடமா என்று கேளுங்கள். பள்ளிக்கும் சந்தைக்கும் உள்ள தொலைவை நடந்து அளந்து பாருங்கள். இவையெல்லாம் நம் முன்னோர் அறிந்து செய்தவை. அவர்கள் செய்யாத ஒன்று எஞ்சி நிற்கிறது. உங்களோடு வந்தவரிடம் யாரேனும், "ஊரிலே எந்தத் தெரு?" என்று கேட்டால், அவர் விடை சொல்வதற்கு முன்னே நீங்கள் பேசிவிடுங்கள்.