கூலரோடு ஒட்டிய புரோசசரைப் பிரித்தெடுத்தல்

மேசைக் கணினியைத் துப்புரவாக்கவோ திருத்தவோ கூலரைக் கழற்றும்போது, இடையில் பூசியிருந்த தெர்மல் பேஸ்ட் இறுகிப்போயிருந்தால் கூலரோடு புரோசசரும் சேர்ந்து கிளம்பி வந்துவிடும். ஏஎம்டி நிறுவனத்தின் ஏஎம்4 வகைக் கணினிகளில் இது மிகுதி. சாக்கெட்டின் நெம்புகோல் பூட்டியபடியே இருக்க, 1331 பின்களோடு புரோசசர் கூலரின் அடியில் தொங்கும். பின்கள் வளைந்தால் நிமிர்த்தலாம். முக்கியமான ஒன்று முறிந்தால் புரோசசர் வீண். கணினி திருத்துவோர் முன்கூட்டியே தடுக்கவும், நடந்துவிட்டால் சேதமின்றிப் பிரிக்கவும் தெரிந்திருக்க வேண்டிய வேலை இது.

இலங்கையின் மன்னார்த் தீவிலும் அதன் எதிரே உள்ள பெருநிலக் கரையிலும் கூலரைக் கழற்றும் தேவை மற்ற ஊர்களைவிட விரைவில் வரும். காரணம் காற்று. மே முதல் செப்டெம்பர் வரை சோளகம் எனும் தென்மேற்குக் காற்று ஓயாமல் வீசும். அந்தக் காற்றை நம்பித்தான் 2020 டிசெம்பரில் திறக்கப்பட்ட தம்பபவனி காற்றாலையின் 30 கோபுரங்கள் தீவில் நிற்கின்றன. அவற்றின் மொத்தத் திறன் 103.5 மெகாவாட். மின்சாரம் தரும் அதே காற்றுதான் தலைமன்னாரிலும் பேசாலையிலும் எருக்கலம்பிட்டியிலும் யன்னல் வழியாக மணலையும் கடலுப்பையும் வீட்டுக்குள் கொண்டுவருகிறது. சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டியதும் தானாகவே நீராகக் கசியத் தொடங்கும். கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைட்டுக்கு 33 சதவீதமே போதும். எனவே கூலரின் தகடுகளுக்கிடையில் படியும் தூசு இங்கே உலர்ந்த தூளாக இருப்பதில்லை. உப்பின் ஈரத்தில் பசையாகிப் பிடித்துக்கொள்கிறது. ஊதித் தள்ளினால் போகாது; கூலரைக் கழற்றித் தூரிகையால் தேய்த்தெடுக்க வேண்டும். தகடுகள் அடைபட்ட கணினி வெக்கையில் ஓடும். வெக்கையில் பேஸ்டிலுள்ள எண்ணெய்ப்பகுதி மெல்ல வெளியேறி, எஞ்சியது இறுகும். துப்புரவு எவ்வளவு அவசியமாகிறதோ, கழற்றுவதும் அவ்வளவு ஆபத்தாகிறது.

தெர்மல் பேஸ்ட் என்பது பெரும்பாலும் சிலிக்கோன் எண்ணெயில் நாக ஒட்சைட்டு, அலுமினிய ஒட்சைட்டு போன்ற நுண்தூள்களைக் குழைத்த கலவை. அதை ஒட்டும் பசையாக யாரும் தயாரிப்பதில்லை. கண்ணுக்கு வழவழப்பாகத் தெரியும் இரு உலோகப் பரப்புகளுக்கிடையிலும் நுண்ணிய பள்ளங்கள் உண்டு. அவற்றில் தங்கும் காற்று வெப்பத்தைச் சரிவரக் கடத்தாது. காற்றை வெளியேற்றி அந்த இடத்தை நிரப்புவதே பேஸ்டின் வேலை. அந்த வேலையைச் சரியாகச் செய்வதுதான் பின்னர் வினையாகிறது. இரு தட்டைப் பரப்புகளுக்கு நடுவே மயிரிழையிலும் மெல்லிய, காற்றில்லாத, தடித்த திரவப் படலம் உருவாகிவிடுகிறது. மேலே இழுத்தால் இடைவெளி விரியவேண்டும். விரிந்த இடத்தை நிரப்ப ஓரத்திலிருந்து திரவம் உள்ளே ஓடிவர வேண்டும். அவ்வளவு ஒடுங்கிய வழியில் அது எளிதில் ஓடாது. நடுவில் அழுத்தம் குறைய, வெளியிலிருந்து வளிமண்டலம் இரண்டையும் சேர்த்து அழுத்தும். அந்த அழுத்தம் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் ஏறக்குறைய ஒரு கிலோ எடைக்குச் சமம்.

இந்த விளைவை 1874இல் அளந்து விளக்கியவர் வியன்னாவின் இயற்பியலாளர் யோசப் ஸ்டெபான். அவர் கண்ட விதி இன்றைய திருத்துநருக்கு மூன்று செய்திகளைத் தருகிறது. படலம் பாதி மெலிந்தால் இழுக்கத் தேவைப்படும் விசை எட்டு மடங்காகும். இழுக்கும் வேகம் கூடக் கூட விசையும் கூடும். வெடுக்கென்று பிடுங்குவதுதான் மிக மோசமான வழி. திரவம் இளகினால் அதே அளவுக்கு விசையும் குறையும். பக்கவாட்டில் நகர்த்தினாலோ கதை வேறு. அப்போது இடைவெளி விரிய வேண்டியதில்லை, படலம் தன்மேல் தானே வழுக்கினால் போதும். சூடாக்கித் திருகு, இழுக்காதே என்று கைத்தொழிலாளர் சொல்வதன் முழு விளக்கமும் இதுதான்.

எல்லாப் புரோசசர்களுக்கும் இந்த ஆபத்து இல்லை. இன்டெல் 2004இல் எல்ஜிஏ775 சாக்கெட்டோடு பின்களைப் புரோசசரிலிருந்து மதர்போர்டுக்கு மாற்றி, மேலே ஓர் உலோகச் சட்டத்தால் புரோசசரை அமுக்கிப் பிடித்தது. பேஸ்ட் எவ்வளவு இறுகினாலும் அந்தச் சட்டம் புரோசசரை விடாது. அதற்கு முந்திய 478 சாக்கெட் பென்டியம் 4களிலும், ஏஎம்டியின் பழைய வகைகளிலிருந்து 2017இல் ரைசன் புரோசசர்களோடு பரவிய ஏஎம்4 வரையிலும் மேலே சட்டம் கிடையாது. நெம்புகோலைத் தாழ்த்தும்போது சாக்கெட் பின்களைப் பக்கவாட்டில் நெருக்கிப் பிடிக்கும், அவ்வளவே. செங்குத்தாக இழுத்தால் அந்தப் பிடி பேஸ்டின் பிடிக்குத் தோற்றுவிடும். 2022இல் வந்த ஏஎம்5 எல்ஜிஏ முறைக்கு மாறிவிட்டது. ஆனால் அதே ஆண்டின் முற்பகுதியில் இலங்கை ரூபா ஏறக்குறைய பாதி மதிப்புக்குச் சரிந்தது; இறக்குமதிப் பொருள்களின் விலை ஏறியது. புதிய கணினி எட்டாக்கனியாகிவிட, இருக்கும் ஏஎம்4 இயந்திரங்களைப் பேணிக் காப்பதே பலருக்கு வழி. மன்னாரில் ஒரு புரோசசர் பழுதானால் கொழும்பு பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசா போன்ற சந்தையில்தான் தேடவேண்டிவரும். சாலைவழி 300 கிலோமீட்டருக்கு மேல்.

தடுக்கும் முறை எளிது. கணினி இயங்கும் நிலையில் இருந்தால், கழற்றுவதற்கு முன் பத்து நிமிடமாவது ஒரு காணொளி விளையாட்டையோ கனமான மென்பொருளையோ ஓடவிட வேண்டும். பேஸ்ட் இளகும். சில கூலர்களோடு வரும் மெழுகுத்தன்மையுள்ள பட்டைகள் 45 முதல் 60 பாகை செல்சியசில்தான் உருகும். அவற்றைக் குளிர்ந்த நிலையில் கழற்றப் போவது வீண்வம்பு. பிறகு கணினியை நிறுத்தி, மின்வடத்தைப் பிடுங்கி, சூடு ஆறுமுன் வேலையைத் தொடங்கவேண்டும். நான்கு திருகாணிகள் உள்ள கூலரில் எதிரெதிர் மூலைகளாகச் சிறிது சிறிதாகத் தளர்த்துவது நல்லது. கொக்கி உள்ளதில் கூலரின் நெம்புகோலைத் திறந்து கொக்கியை விடுவிக்கவேண்டும். இனி மேலே தூக்காமல், கூலரை இரு கையாலும் பிடித்து வலமும் இடமுமாகச் சில பாகை மட்டும் திருக வேண்டும். முதலில் அசையாதது போலிருக்கும். விடாமல் மெல்லத் திருக, ஒரு கட்டத்தில் வழுக்கத் தொடங்குவது கைக்குத் தெரியும். அதன்பின் ஒருபக்க ஓரத்தைச் சாய்த்து, காற்று உள்ளே போக விட்டுத் தூக்கலாம். கணினி உயிர்பெறாத நிலையிலோ மின்வெட்டு நேரத்திலோ இப்படிச் சூடாக்க முடியாது. மின்சாரம் உள்ளபோது தலைமுடி உலர்த்தியால் கூலரின் அடிப்பகுதியைச் சூடாக்குவதே மாற்று.

புரோசசர் ஏற்கெனவே கூலரோடு வந்துவிட்டதா? கூலரைப் பின்கள் மேலே பார்க்கும்படி மேசையில் வைக்கவேண்டும். அப்படியே திருப்பிச் சாக்கெட்டில் அமுக்க முயல்வோர் உண்டு. நெம்புகோலைக் கூலர் மறைத்துவிடுவதால் பின்கள் வளைவதே மிச்சம். திருகாணி முடுக்கியையோ கத்தியையோ இடையில் விட்டு நெம்புவது அதைவிடக் கேடு. புரோசசரின் பச்சைத் தட்டு மெல்லியது. நுனி வழுக்கினால் பின் வரிசையே போகும்.

பலமுறை கைகொடுப்பது பல்லிடுக்குத் தேய்க்கும் மெழுகு நூல். மன்னார்க் கரையில் அதைவிடக் கிட்டக் கிடைப்பது தங்கூசி. தூண்டிலுக்குப் பயன்படும் மெல்லிய தங்கூசியில் ஒரு முழம் எடுத்து, இரு கையிலும் சுற்றி, கூலரின் அடித்தளத்துக்கும் புரோசசரின் உலோக மூடிக்கும் இடையிலுள்ள கோட்டில் ஒரு மூலையிலிருந்து நுழைத்து, வாள் அறுப்பதுபோல் முன்னும் பின்னும் இழுக்கவேண்டும். உலோக மூடிக்கும் பச்சைத் தட்டுக்கும் இடையில் நூல் போகக்கூடாது. அங்கே நுழைந்தால் மூடியே பெயர்ந்துவிடலாம். நுழையவே இடமில்லையென்றால் ஓரத்தைச் சுற்றிச் சில துளி ஐசோபுரோப்பைல் அற்ககோலை விட்டு, பேஸ்ட் ஊறும் வரை காத்திருந்து, மறுபடி சூடாக்கித் திருகவேண்டும். உறைகுளிரில் வைத்தால் தானே பிரியும் என்றொரு யோசனையும் உலாவுகிறது. மன்னாரின் ஈரக்காற்றில் குளிர்ந்த உலோகத்தை வெளியே எடுத்த மறுகணமே நீர்த்துளிகள் படியும். இங்கே அது வேண்டாத வேலை.

பிரிந்த பிறகு பின்களைச் சாய்வான வெளிச்சத்தில், நான்கு பக்கத்திலிருந்தும், வரிசை வரிசையாகப் பார்க்கவேண்டும். ஒரு பின்னுக்கும் அடுத்ததற்கும் உள்ள தூரம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். வரிசை பிசகிய பின்னை, ஈயக்குச்சி நீக்கிய 0.5 மில்லிமீட்டர் இயந்திரப் பென்சிலின் நுனிக்குழாயில் நுழைத்துக் கொஞ்சங்கொஞ்சமாக நிமிர்த்தலாம். முன்னும் பின்னும் பலமுறை வளைத்தால் உலோகம் களைத்து முறியும், ஆகையால் ஒரே திசையில், நிதானமாக. பின் முறிந்துவிட்டாலும் எல்லாம் முடிந்தது என்றில்லை. 1331இல் பல, மின்னிணைப்பையும் தரையிணைப்பையும் பகிர்ந்து சுமப்பவை. அவற்றில் ஒன்று போனாலும் சில புரோசசர்கள் இயங்கும். நினைவகத்துக்கான பின் முறிந்தால் அந்த வழியிலுள்ள ராம் பலகை தெரியாமல் போகும்.

திரும்பப் பொருத்தும்போது நெம்புகோலை முழுவதும் உயர்த்தி, மூலையிலுள்ள பொன்னிற முக்கோணத்தைச் சாக்கெட்டின் குறியோடு சேர்த்து வைத்தால் புரோசசர் தன் எடையாலேயே இறங்கும். இறங்காவிட்டால் ஏதோ ஒரு பின் இன்னும் வளைந்திருக்கிறது. பழைய பேஸ்டை அற்ககோல் தோய்ந்த, பிசிர் விடாத துணியால் துடைத்தெடுத்து, பட்டாணி அளவு புதிய பேஸ்டை நடுவில் வைத்தால் போதும், கூலரின் அழுத்தம் அதைப் பரப்பிக்கொள்ளும். துடைத்த பரப்பில் கைவிரல் படாமல், அன்றைக்கே கூலரைப் பூட்டிவிட வேண்டும். உப்புக்காற்றில் ஓரிரவு திறந்து கிடந்த செப்பு அடித்தளம் மறுநாள் மங்கத் தொடங்கியிருக்கும்.