அடுக்களையில் இறைப்பிரசன்னம்

இறைவன் எங்கும் நிறைந்திருக்கிறார் என்பது, நாம் எழுத்தறியும் முன்னரே மறைக்கல்வியில் மனப்பாடம் செய்த உண்மை. நம் முன்னோர் அதனைச் சின்னக் குறிப்பிடத்தின் வினா விடையாக ஒப்புவித்தனர். ஆயினும் ஒப்புவித்த உண்மை உணர்ந்த உண்மையாவது எளிதன்று. ஞாயிறு திருப்பலியில் அருகிலிருப்பதாகத் தோன்றும் இறைவன், திங்கட்கிழமை காலையில் அடுப்பங்கரையிலும் அலுவலகத்திலும் வெகு தொலைவில் நிற்பதாகத் தோன்றுகிறார். செபத்தில் எவ்வித உருக்கமும் எழாத நாள்களில், நம் விசுவாசமே வற்றிவிட்டதோ என்னும் ஐயமும் நம்மை வாட்டுகிறது. ஏறக்குறைய 350 ஆண்டுகளுக்கு முன் பாரிசு மாநகரின் துறவற மடமொன்றில் சமையற்காரராக இருந்த சகோதரர் ஒருவர், இந்த ஐயத்திற்குத் தம் வாழ்க்கையாலேயே விடை கண்டார். அவ்விடை பிறந்த விதமும், கத்தோலிக்கரின் நினைவிலிருந்து அது நழுவிய விதமும், மீண்டும் நம்மை வந்தடைந்த விதமும் நாம் அறியத்தக்க வரலாறாகும்.

போர்வீரர் துறவியானார்

அவர் திருமுழுக்குப் பெயர் நிக்கோலா எர்மான். அந்நாளில் தனி அரசாக விளங்கிய லொரேன் நாட்டில், லூனவில் நகரை அடுத்த எரிமெனில் என்னும் சிற்றூரில் 1614ஆம் ஆண்டளவில் பிறந்தார். உயர்கல்வி பெறும் வாய்ப்பு அவருக்கு இல்லை. 18 வயதில், ஒரு குளிர்காலத்தில், இலையெல்லாம் உதிர்ந்து நின்ற மரமொன்றைக் கண்டார். இன்னும் சிறிது காலத்தில் இம்மரம் தளிர்க்கும், பூக்கும், காய்க்கும் என்ற எண்ணம் எழுந்தது. அக்கணத்தில் இறைவனின் பராமரிப்பும் வல்லமையும் அவர் உள்ளத்தில் ஆழப் பதிந்தன. அந்தப் பதிவு பின்னர் ஒருநாளும் அழியவில்லை என்று முதிய வயதிலும் அவர் கூறியதுண்டு.

எனினும் அந்த ஒளி அவரை உடனே மடத்திற்கு அழைத்துச் செல்லவில்லை. ஐரோப்பாவை உலுக்கிய முப்பதாண்டுப் போரில் அவர் போர்வீரரானார். ஒருமுறை ஒற்றர் எனப் பிடிபட்டுத் தூக்குக் கயிற்றிலிருந்து தப்பினார். 1635இல் ராம்பெர்வில்லே என்னும் ஊரில் படுகாயமுற்றார். பின்னர் சில காலம் தனிமைத் தவ வாழ்வை முயன்று பார்த்தார், அது நிலைக்கவில்லை. பாரிசில் செல்வர் ஒருவரின் இல்லத்தில் ஏவலரானார். அங்கும் எடுத்த பொருளையெல்லாம் உடைத்துவிடும் கைப்பக்குவமற்ற பணியாளர் என்றே தம்மை அவர் பிற்காலத்தில் வருணித்துக்கொண்டார்.

1640இல், பாரிசு நகரின் வொழிரார் வீதியிலிருந்த கார்மேல் சபை மடத்தில், குருப்பட்டம் பெறாத சகோதரராகச் சேர்ந்தார். 1642இல் வார்த்தைப்பாடு அளித்து, உயிர்ப்பின் சகோதரர் லாரன்ஸ் என்னும் பெயர் பெற்றார். தம் குறைகளுக்காக அங்கே நன்றாக வருத்தப்படுத்தப்படுவோம் என்று எண்ணியே அவர் உள்ளே நுழைந்தார். இறைவனோ மகிழ்ச்சியையே தந்து தம்மை ஏமாற்றிவிட்டார் என்று நகைச்சுவையோடு சொல்வாராம்.

பானைகளுக்கு நடுவே

மடத்தில் அவருக்குக் கிடைத்த பணி சமையல். இயல்பாகவே அவருக்கு அப்பணியில் பெரும் வெறுப்பு. ஆயினும் ஏறத்தாழ 15 ஆண்டுகள் அடுப்பின் முன் நின்றார். காலில் புண் கண்டு நிற்க இயலாமற் போன பின்னர், அமர்ந்தபடியே சகோதரர்களின் மிதியடிகளைத் தைக்கும் வேலை தரப்பட்டது. இடையில் மடத்திற்குத் திராட்சை இரசம் வாங்கிவரப் பர்கண்டிப் பகுதிக்கும் அனுப்பப்பட்டார். கொடுக்கல் வாங்கலில் அவருக்குத் திறமை கிடையாது. கால் ஊனமானதால், படகில் மிடாக்களின் மேல் உருண்டே இடம் பெயர வேண்டியிருந்தது. இது உம் வேலை என்று இறைவனிடம் ஒப்படைத்துவிட்டுச் சென்றார். காரியமும் முறையாக முடிந்தது.

இவ்வளவே அவருடைய வெளி வாழ்க்கை. அவர் புதிய சபை நிறுவவில்லை, மறையுரை ஆற்றவில்லை, காட்சிகள் கண்டதாக அறிவிக்கவுமில்லை. உணவைக் கடாயில் திருப்பிப் போடுவதையும் தரையில் கிடக்கும் ஒரு துரும்பை எடுப்பதையும் இறையன்பிற்காகவே செய்தார். வேலைக்கு நடுவே இறைவனோடு எளிய சொற்களில் உரையாடினார். மறந்துவிட்டால் மறந்ததை ஒப்புக்கொண்டு, மனம் கலங்காமல் மீண்டும் தொடங்கினார். ஆண்டுகள் செல்லச் செல்ல, செபத்திற்கென ஒதுக்கப்பட்ட நேரத்திற்கும் சமையலறையின் பரபரப்புக்கும் அவர் உள்ளத்தில் வேறுபாடு இல்லாமற் போயிற்று.

இங்கே நாம் கவனிக்கத் தவறும் செய்தி ஒன்றுண்டு. இந்த அமைதி அவருக்கு எளிதில் வாய்க்கவில்லை. துறவு வாழ்வின் முதற் பத்தாண்டுகள் அவருக்குப் பெரும் உள்வேதனையாகவே கழிந்தன. அவற்றுள் ஏறத்தாழ நான்கு ஆண்டுகள், தாம் மீட்பை இழந்துவிட்டோம் என்றே உறுதியாக நம்பினார். எவரும் அவ்வெண்ணத்தை மாற்ற இயலவில்லை. இறுதியில், தமக்கு என்ன நேர்ந்தாலும் இறைவன்மீது கொண்ட அன்பிற்காகவே இறுதிவரை செயலாற்றுவது என்று முடிவு செய்தார். அதன் பின்னரே அமைதி வந்தது. ஆக, இறைப்பிரசன்னம் என்பது அவரைப் பொறுத்தவரை முதலில் ஓர் இனிய உணர்ச்சியாக வரவில்லை. உணர்ச்சி ஏதுமின்றி, விசுவாசத்தை மட்டும் பற்றிக்கொண்டு, மனத்தை இறைவன்பால் திரும்பத் திரும்பத் திருப்பும் பழக்கமாகவே அது தொடங்கியது.

கார்மேல் மரபில் இது புதுமையன்று. உயிருள்ள இறைவனின் திருமுன் நின்ற எலியா இறைவாக்கினரையே கார்மேல் சபையினர் தம் ஆன்மிகத் தந்தையாகப் போற்றுகின்றனர். ஓரேபு மலையில் புயலிலும் நிலநடுக்கத்திலும் தீயிலும் இல்லாத ஆண்டவர், மெல்லிய ஓசையில் எலியாவைச் சந்தித்தார் அல்லவா? அச்சபையைச் சீர்திருத்திய அவிலா நகர்ப் புனித தெரேசாவும், கீழ்ப்படிதல் நம்மைச் சமையலறைக்கு அனுப்பினால் ஆண்டவர் அங்கும் உடனிருக்கிறார் எனத் தம் சகோதரிகளுக்கு அறிவுறுத்தியவரே. அந்த அறிவுரை ஒருவர் வாழ்வில் முழு வடிவம் பெற்றதை லாரன்சிடம் காண்கிறோம்.

சந்தேகத்தின் நிழல்

1666 ஆகஸ்டு 3ஆம் நாள் ஜோசப் தெ போஃபோர் என்னும் குரு அவரை முதன்முதலாகச் சந்தித்தார். தாம் கேட்டவற்றை நான்கு உரையாடல்களாகக் குறித்துவைத்தார். லாரன்ஸ் 1691 பிப்ரவரி 12 அன்று மறைந்த பின்னர், அவர் எழுதிய 16 கடிதங்களும் ஆன்மிகக் குறிப்புகளும் 1692இலும், உரையாடல்கள் 1694இலும் போஃபோரின் முயற்சியால் அச்சேறின.

ஆனால் அந்நூல்கள் வெளிவந்த காலம் நல்ல காலமன்று. மிகேல் தெ மோலினோஸ் என்னும் எசுப்பானியக் குரு, ஆன்மா தன் முயற்சிகள் அனைத்தையும் கைவிட்டு முற்றிலும் செயலற்றிருப்பதே நிறைவு எனும் போக்கில் உரோமையில் போதித்துவந்தார். குயட்டிசம் எனப்பட்ட இக்கொள்கையின் 68 கூற்றுகளை 1687இல் திருத்தந்தை 11ஆம் இன்னோசென்ட் கண்டித்தார். அக்கண்டனம் தேவையற்றதன்று. தீமையை எதிர்த்துப் போராடுவதும் நன்மையை நாடி உழைப்பதும் வீண் எனக் கருதும் ஆன்மிகம், நற்செய்திக்கு முரணானதே.

பிரான்சில் இதே விவாதம் இரு பெரும் ஆயர்களுக்கிடையே பகையாக மூண்டது. கம்ப்ரே பேராயர் ஃபெனலோன் ஒருபுறமும், மோ நகர ஆயர் பொசுவே மறுபுறமும் நின்றனர். ஃபெனலோன், நோயுற்றிருந்த லாரன்சை நேரில் சென்று கண்டவர். கடும் நோயிலும் அவர் மகிழ்ச்சியோடிருந்ததைப் பின்னாளில் நினைவுகூர்ந்தவர். ஆகவே தூய அன்பைக் குறித்த தம் கருத்துக்கு அந்த எளிய சகோதரரின் சொற்களையும் துணைக்கழைத்தார். 1699 மார்ச் 12 அன்று திருத்தந்தை 12ஆம் இன்னோசென்ட், ஃபெனலோனின் நூலிலிருந்து 23 கூற்றுகளைக் கண்டித்தார். ஃபெனலோன் தாழ்மையோடு பணிந்தார். எனினும் உள்மன செபத்தைப் பற்றிப் பேசும் எந்த நூலும் ஐயத்தோடு நோக்கப்படும் காலம் பிறந்தது. எவரும் கண்டிக்காத சமையற்காரச் சகோதரரும் அந்த நிழலில் மறைந்து போனார்.

அவரைக் காத்தவர்கள் பிரிந்த சகோதரர்களே. பியேர் புவாரே என்னும் புரொட்டஸ்டாண்டு அறிஞர், அந்த 1699ஆம் ஆண்டிலேயே லாரன்சின் எழுத்துகளை மீண்டும் அச்சிட்டார். மெதடிஸ்டு இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி, 1749க்கும் 1755க்கும் இடையில் தாம் வெளியிட்ட 50 தொகுதிகள் கொண்ட கிறிஸ்தவ நூல் வரிசையில் அவற்றைச் சேர்த்துக்கொண்டார். நம் வீட்டு விளக்கை அயல் வீட்டார் அணையாமல் காத்தனர் என்று சொன்னால் மிகையாகாது. இரண்டாம் வத்திக்கான் சங்கம், பிற சபைகளில் விளையும் நன்மைகளை மகிழ்வோடு ஏற்கப் பணித்ததற்கு இது நல்லதோர் எடுத்துக்காட்டு. லாரன்ஸ் மறைந்த 300ஆம் ஆண்டான 1991இல், கார்மேல் சபைக் குரு கொன்ராட் தெ மீஸ்டர் அவர் எழுத்துகளின் ஆய்வுப் பதிப்பைப் பிரெஞ்சு மொழியில் வெளியிட்டார். 2025 டிசம்பரில் லெபனானிலிருந்து திரும்பும் விமானத்தில் செய்தியாளர்களிடம் பேசிய திருத்தந்தை 14ஆம் லியோ, தம்மை அறிய விரும்புவோர் புனித அகுஸ்தீனாருக்கு அடுத்து இச்சகோதரரின் சிறு நூலை வாசிக்கலாம் எனக் குறிப்பிட்டார்.

நமக்கு என்ன பயன்?

லாரன்சைக் குயட்டிசத்தோடு இணைத்துப் பார்த்த அச்சத்திற்கு அவர் கைகளே மறுமொழி. செயலற்றிருக்கும் ஆன்மா 15 ஆண்டுகள் பிறருக்குச் சமைத்துப் போடுமா? பசித்த சகோதரர்களுக்கு உரிய வேளையில் உணவு பரிமாறப்பட்டது. தேய்ந்த மிதியடிகள் தைக்கப்பட்டன. எந்த இறையனுபவம் நம்மைக் கடமையிலிருந்தும் அயலாரிடமிருந்தும் விலக்குகிறதோ, அதனை நாம் ஐயுறலாம். எது வெறுத்த வேலையையும் அன்போடு செய்யத் தூண்டுகிறதோ, அதனை நம்பலாம்.

இரண்டாவதாக, இறைவனை உணர்வதும் உருக்கம் கொள்வதும் ஒன்றல்ல என்பதை அவருடைய இருண்ட பத்தாண்டுகள் நமக்குக் கற்பிக்கின்றன. நோயாளியின் படுக்கையருகே இரவெல்லாம் கண்விழிக்கும் மகள், செபமாலையைக் கையில் எடுத்தவுடனே களைத்து உறங்கிவிடலாம். கடன் சுமையோடு தறியிலோ வயலிலோ உழைக்கும் தந்தைக்கு, ஆலயத்தில் கண்ணீர் மல்காதிருக்கலாம். அவர்களிடம் இறைவன் இல்லையென்று யார் சொல்ல முடியும்? அந்த மனவறட்சியிலும் ஒருமுறை அவரை நினைத்து, அடுத்த வேலையைச் செய்வதே விசுவாசச் செயலன்றோ? போர்க்களத்திலிருந்த இளைஞன் ஒருவனைக் குறித்து எழுதியபோதும் லாரன்ஸ் கேட்டது இவ்வளவே: வாளேந்தி நடக்கும் வேளையிலும் இறைவன்பால் ஒரு கணம் உள்ளத்தை எழுப்பினால் போதும். தாமும் போர்வீரராக இருந்தவர் ஆதலால், மனிதரால் இயலாததை அவர் கேட்கவில்லை.

திருச்சபை இவரைப் பீட மகிமைக்கு உயர்த்தவில்லை. ஆயினும் எல்லாரும் தூயோராக அழைக்கப்பட்டுள்ளனர் என 1964இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருச்சபை பற்றிய கொள்கைத் திரட்டில் அறிவித்தபோது, இத்தகையோரின் வாழ்வே அக்கூற்றுக்குச் சான்றாக நின்றது. நாளைக் காலை அடுப்பைப் பற்றவைக்கும்போதும், பேருந்துக்குக் காத்திருக்கும்போதும், கணக்கேட்டைத் திறக்கும்போதும், ஒரே ஒரு சொல்லால் ஆண்டவரை அழைத்துவிட்டு வேலையைத் தொடங்குவோம். நண்பகலுக்குள் அவரை மறந்துவிடுவோம்; அது உறுதி. மறந்தது நினைவுக்கு வரும் அந்தக் கணமே, நம்மை நாமே நொந்துகொள்ளாமல் மீண்டும் அழைப்போம். வொழிரார் வீதிச் சமையலறையில் ஆண்டுக்கணக்காக நடந்ததும் இதுவே.