கல் மூழ்க, கரி மிதக்க

விதை நெல்லை உப்புக் கரைசலில் இடும் உழவரைப் பார்த்திருப்பீர்கள். பதர் மிதக்கும், முற்றிய மணி அடியில் தங்கும். நிலக்கரியைத் தூய்மை செய்வதும் இதே தத்துவத்தால்தான். அங்கே மட்டும் மிதப்பதே நல்ல சரக்கு!

தூய நிலக்கரியின் ஒப்படர்த்தி சுமார் 1.3. அதனுடன் வெட்டப்படும் கல்லுக்கோ 2-க்கு மேல். நீரில் இரண்டுமே மூழ்கிவிடும். ஆகவே, இடைப்பட்ட அடர்த்தியுள்ள நீர்மத்தைத் தேடியதே இத்துறையின் வரலாறு எனலாம்.

எஃகு உற்பத்தியில் புகழ்பெற்ற ஆங்கிலேயர் ஹென்றி பெஸ்ஸமர், 1858-இல் கால்சியம் குளோரைடு போன்ற உப்புகளின் கரைசலைப் பயன்படுத்தக் காப்புரிமை பெற்றார். ஆனால், கரியோடு ஒட்டிச் செல்லும் உப்பைக் கழுவி மீட்பது செலவு மிகுந்த வேலை.

சுமார் அறுபது ஆண்டுகளுக்குப் பின், அமெரிக்கரான தாமஸ் சான்ஸ் கரையாத மணலை நாடினார். கலக்கிக்கொண்டே கீழிருந்து நீரைச் செலுத்தினால் மணல் படியாது. கலவை கனமான நீர்மம் போலவே நடந்துகொள்ளும். 1920-களில் பென்சில்வேனியாவில் இம்முறை கையாளப்பட்டது.

இங்கே ஓர் இக்கட்டு எழுந்தது. மணல் பருமனாக இருந்தால் விரைவில் படிகிறது. அடர்த்தி இடத்துக்கு இடம் மாறுகிறது. நுண்ணிய தூளாக்கினால் கலவை கூழாகிறது. அதன் பாகுநிலை சிறு துண்டுகளின் இயக்கத்தைத் தடுக்கிறது. நல்ல கரி கல்லோடும், கல் கரியோடும் போய்விடுகின்றன.

இதற்கு விடையளித்தது மாக்னடைட் என்னும் இரும்புத் தாது. ஒப்படர்த்தி சுமார் 5 ஆதலால் குறைந்த அளவு தூளே போதும்; கலவை கூழாவதில்லை. ஒட்டிய தூளைக் காந்தத்தால் மீட்டுவிடலாம். 1930-களின் இறுதியில் டச்சுக்காரரான டிராம்ப் இதனைத் தொழில் முறையாக்கினார்.

எஞ்சியது துண்டின் அளவு. நுண்துகளின் விட்டம் பாதியானால், ஸ்டோக்ஸ் விதிப்படி, அது படியும் வேகம் நான்கில் ஒன்றாகும். 1940-களில் டச்சு அரசுச் சுரங்கத்தினர் கூம்பு வடிவச் சைக்ளோனில் கலவையைச் சுழற்றினர். ஈர்ப்பைப்போல் இருபது மடங்குக்கும் மேற்பட்ட மையவிலக்கு விசை, சிறு துண்டுகளையும் விரைவில் பிரித்தது.

எனினும் ஒரு தடை நீங்கவில்லை. இந்திய நிலக்கரியில் பெரும்பாலும் கனிமப் பொருள் துண்டுக்கு உள்ளேயே கலந்திருக்கிறது. கரிக்கும் கல்லுக்கும் இடைப்பட்ட அடர்த்தியுள்ள துண்டுகளே மிகுதி. கலவையின் அடர்த்தி சற்றுப் பிசகினாலும், உலைக்குச் சாம்பல் போகும் அல்லது நல்ல கரி குப்பை மேட்டுக்குப் போகும். கரி மீண்டும் விளையும் பயிரன்று. இரண்டாம் தசமத்தானத்தில் அங்கே காட்டும் கவனம், ஒரு நாட்டின் எரிபொருளைக் காக்கும் கவனமாகும்.