இயக்கப்படாத கூம்பின் கதை

சென்ற கோடை விடுமுறையில், வீட்டில் இசை கேட்பதற்காக ஒரு சப்வூஃபர் பெட்டி செய்ய முற்பட்டேன். தமிழ் இலக்கியம் பயிற்றுவிப்பவனுக்கு இது என்ன வேலை என்று நண்பர்கள் கேட்டார்கள். தச்சு வேலையில் எனக்கு இளமையிலிருந்தே நாட்டம் உண்டு என்பதைத் தவிர வேறு விடை என்னிடம் இல்லை. ஆனால் ஒரு சொல்லின் பொருளைத் தவறாக எடுத்துக்கொண்டதால், அந்த வேலை பாதியில் நின்று, தொண்ணூறு ஆண்டு வரலாறு ஒன்றைப் படிக்க நேர்ந்தது. அதைப் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

அந்தச் சொல் 'பாசிவ் ரேடியேட்டர்'. காந்தமும் கம்பிச்சுருளும் இல்லாத ஒலிபெருக்கி என்று இதைச் சுருக்கமாகச் சொல்லலாம். கூம்பு உண்டு, அதைத் தாங்கும் ரப்பர் விளிம்பு உண்டு, மின்சாரம் மட்டும் செல்வதில்லை. மின்சாரம் பெறும் ஒலிபெருக்கியோடு ஒரே பெட்டியில் இதைப் பொருத்துகிறார்கள். பெட்டிக்குள் அடைபட்ட காற்றுதான் இதை அசைக்கிறது. 'செயலற்றது' என்று பெயரிலேயே இருப்பதால் இதற்குப் பெரிய வேலை ஒன்றும் இராது என்று எண்ணி, ஒலிபெருக்கியின் அளவிலேயே பத்து அங்குலத்தில் ஒன்றை வாங்கிப் பொருத்தினேன். ஒலியைச் சற்றுக் கூட்டியதும் அந்தக் கூம்பு தன் அசைவின் எல்லையில் முட்டி 'டக் டக்' என்று அடிக்கத் தொடங்கியது. மின்சாரம் பெற்ற கூம்போ அதே நேரத்தில் ஏறக்குறைய அசையாமல் இருந்தது. பெயருக்கும் நடப்புக்கும் இத்தனை தூரம் இருப்பது ஏன் என்ற கேள்வி அப்போது எழுந்தது.

விடையைத் தேடுவோர் 1925ஆம் ஆண்டுக்குச் செல்லவேண்டும். அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் பணியாற்றிய செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் ஆகிய இருவரும், கம்பிச்சுருளால் இயங்கும் கூம்பு ஒலிபெருக்கியை அவ்வாண்டில் விளக்கி எழுதினார்கள். இன்று நாம் கேட்கும் ஒலிபெருக்கிகளில் பெரும்பாலானவை அதன் வழிவந்தவை. அதில் ஓர் இடர்ப்பாடு இருந்தது. கூம்பு முன்னால் காற்றைத் தள்ளும்போது பின்னால் இழுக்கிறது. தாழ்ந்த ஒலிகளில் முன்னலையும் பின்னலையும் ஒன்றையொன்று அழித்துவிடும். பின்னலையைப் பெட்டிக்குள் அடைத்தால் அழிவு நிற்கும். ஆனால் கூம்பின் உழைப்பில் பாதி வீணாகும்.

அந்த வீணாகும் பாதியைப் பயன்படுத்த வழி கண்டவர் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஆல்பர்ட் துராஸ். 1930இல் விண்ணப்பித்து 1932இல் அவர் பெற்ற காப்புரிமை, பெட்டியில் ஒரு துளையிட்டு அதில் குழாயைப் பொருத்துவதைப் பற்றியது. பெட்டிக்குள் உள்ள காற்று ஒரு சுருள்வில் போலவும், குழாய்க்குள் உள்ள காற்று அதன் நுனியில் தொங்கும் எடை போலவும் இயங்குகின்றன. இவ்விரண்டும் சேர்ந்து ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் வலுவாக ஊசலாடும். பின்னலை தன் திசை மாறி முன்னலைக்குத் துணையாக வெளிவரும். காலிச் சீசாவின் வாயில் ஊதினால் எழும் ஒலியும் இவ்வகைப்பட்டதே.

குழாய் முறையின் வரம்பைக் கணக்கிட்டுப் பார்த்தேன். 30 லிட்டர் பெட்டியை 25 ஹெர்ட்ஸுக்குச் சுருதி சேர்க்க, 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள குழாய் ஏறத்தாழ 1.2 மீட்டர் நீளம் இருக்கவேண்டும். அந்தக் குழாயே 9 லிட்டருக்கு மேல் இடத்தை அடைத்துக்கொள்ளும். மெல்லிய குழாயை எடுத்தால் நீளம் குறையும். ஆனால் காற்று அதில் விரைந்து பாய்ந்து 'புஸ்' என்று இரையும்.

ஹாரி ஆல்சன் இந்தக் கதைக்குள் வருவது இங்கேதான். அயோவா மாநிலத்தில் 1901இல் பிறந்து ஆர்.சி.ஏ. நிறுவனத்தில் நெடுங்காலம் பணியாற்றியவர். ரிப்பன் ஒலிவாங்கிகளுக்காகவும், ஹெர்பர்ட் பெலாருடன் உருவாக்கிய மின்னணு இசைப்பொறிக்காகவும் இன்று நினைக்கப்படுபவர். குழாய்க்குள் இருக்கும் காற்றின் வேலை எடையாக இருப்பது மட்டும்தான் என்றால், காற்றுக்குப் பதிலாக ஒரு கூம்பையே எடையாக வைத்தால் என்ன என்பது அவருடைய எண்ணம். அதற்கான காப்புரிமை 1935இல் கிடைத்தது. மேற்சொன்ன 30 லிட்டர் பெட்டியில் 1.2 மீட்டர் குழாய் செய்யும் வேலையை, பத்து அங்குலக் கூம்பு ஒன்று சுமார் 200 கிராம் எடையோடு செய்துவிடும். இடமும் மிச்சம், இரைச்சலும் இல்லை.

இவ்வளவு நல்ல எண்ணம் உடனே பரவவில்லை. அக்கால வானொலிப் பெட்டிகள் மேசை நாற்காலிகளுக்கு நிகரான பெரிய மரச்சாமான்கள். இடநெருக்கடி என்ற சிக்கலே அவற்றுக்கு இல்லை. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி காப்புரிமையின் ஆயுள் 17 ஆண்டுகள். ஆல்சனின் உரிமை 1952இல் முடிந்துபோனது. அவரும் பிரெஸ்டன், மே என்னும் இருவரும் சேர்ந்து இம்முறையை 1954இல் ஓர் ஆய்வுக்கட்டுரையில் மீண்டும் பேசினார்கள். அதே ஆண்டில் எட்கர் வில்ச்சர், முற்றிலும் மூடிய சிறு பெட்டியிலிருந்தே ஆழ்ந்த ஒலியைப் பெற முடியும் என்று தம் ஏ.ஆர்.1 ஒலிபெருக்கியின் மூலம் காட்டினார். 1958இல் ஸ்டீரியோ இசைத்தட்டுகள் வந்தபின் ஒவ்வொரு வீட்டிலும் ஒன்றுக்கு இரண்டு பெட்டிகள் தேவைப்பட்டன. பெட்டி சிறுக்கவேண்டிய காலம் வந்துவிட்டது.

1960களின் நடுவில் இங்கிலாந்தின் செலஸ்டியன் நிறுவனம், தன் தொழிற்சாலை இருந்த தேம்ஸ் டிட்டன் என்ற ஊரின் பெயரால் 'டிட்டன் 15' என்ற ஒலிபெருக்கியை வெளியிட்டது. அதிலிருந்த இயக்கப்படாத கூம்புக்கு அவர்கள் வைத்த பெயர் 'ஆக்ஸிலியரி பாஸ் ரேடியேட்டர்'. அமெரிக்காவில் இதற்கு 'ட்ரோன் கோன்' என்றொரு பெயர் இருந்தது. 'ட்ரோன்' என்பது உழைக்காமல் உண்ணும் ஆண் தேனீயையும் குறிக்கும் சொல். ஒரே பொருளை ஓர் ஊர் துணைவன் என்றும், இன்னோர் ஊர் சோம்பேறி என்றும் அழைத்திருக்கிறது.

ஆயினும் எந்தக் கூம்புக்கு எவ்வளவு எடை, எந்தப் பெட்டி என்று முன்கூட்டியே சொல்லும் கணக்கு அப்போது பரவலாக இல்லை. செய்து பார்த்துத் திருத்துவதே வழக்கம். அந்தக் கணக்கு ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. குழாய் வைத்த பெட்டிகளைப் பற்றி நெவில் தீல் 1961இல் அங்குள்ள பொறியாளர் இதழொன்றில் எழுதிய கட்டுரை, பத்தாண்டுகள் கழித்து 1971இல் அமெரிக்க இதழில் மறுபதிப்பானபோதுதான் உலகின் கண்ணில் பட்டது. அவர் வழியில் தொடர்ந்தவர், சிட்னி பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற ரிச்சர்ட் ஸ்மால். இயக்கப்படாத கூம்பைப் பற்றிய அவருடைய முழுமையான ஆய்வு 1974இல் வெளிவந்தது. எண்ணத்துக்கும் கணக்குக்கும் இடையே ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள்.

அந்தக் கணக்கைப் படித்தபோது என் பிழை விளங்கியது. சுருதி சேர்த்த அதிர்வெண்ணில் மின்சாரம் பெற்ற கூம்பு மிகக் குறைவாகவே அசையும்; ஒலியின் பெரும்பகுதியை வெளியிடுவது 'செயலற்ற' கூம்புதான். ஆகவே அது தள்ளக்கூடிய காற்றின் அளவு, அதாவது அதன் பரப்பையும் அசைவின் நீளத்தையும் பெருக்கி வரும் தொகை, ஒலிபெருக்கியினுடையதைப் போல இரு மடங்காவது இருக்கவேண்டும் என்பது பொதுவிதி. தேர்வில் பார்க்கவேண்டியது இன்னொன்றும் உண்டு. எடை சேர்த்தபின் அந்தக் கூம்பு பெட்டிக்கு வெளியே தானாக அதிரும் அதிர்வெண், பெட்டியின் சுருதியைவிட மிகவும் தாழ்ந்திருக்கவேண்டும். அந்த இடத்தில் ஒலி அறவே பள்ளமாகிவிடும். பள்ளம் நாம் கேட்கும் எல்லைக்குக் கீழே போய்விட வேண்டும். விளிம்பு இறுக்கமான கூம்புகளை ஒதுக்குவது இதனால்தான்.

எடையால் சுருதி சேர்ப்பது நமக்குப் புதிய செய்தியன்று. மிருதங்கத்தின் தொப்பியில் கச்சேரிக்கு முன் ரவையைப் பிசைந்து அப்புவதும் எடை கூட்டி ஒலியைத் தாழ்த்துவதற்கே. வலந்தலையின் கரும்பசை தோலின் அதிர்வுகளை எவ்வாறு ஒழுங்குபடுத்துகிறது என்று சி.வி. ராமன் விரிவாக எழுதியது 1934இல். ஆல்சன் காப்புரிமைக்கு விண்ணப்பித்ததும் அதே ஆண்டில்தான். இருவரும் ஒருவரையொருவர் அறிந்து செய்ததன்று. அசையும் பரப்பின்மேல் எடை என்ன செய்யும் என்ற கேள்வி இரு நாடுகளில் ஒரே காலத்தில் எழுந்திருக்கிறது, அவ்வளவே.

என் பெட்டிக்குத் திரும்புகிறேன். அதே அளவில் இன்னொரு கூம்பை வாங்கி, எதிரெதிர்ப் பக்கப் பலகைகளில் ஒன்றையொன்று நோக்குமாறு பொருத்தினேன். இரண்டும் ஒரே நேரத்தில் வெளியே தள்ளுவதால் உதைப்புகள் ஒன்றையொன்று ஈடுசெய்கின்றன. முன்பு மேசையில் மெல்ல நகர்ந்துகொண்டிருந்த பெட்டி இப்போது அடங்கி நிற்கிறது. கூம்புகள் இரண்டானதால் ஒவ்வொன்றுக்கும் எடையும் இரு மடங்காகத் தேவைப்பட்டது. கூம்பின் நடுவிலுள்ள திருகில் வாஷர்களை ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். எடை நடுவில் இல்லாவிட்டால் கூம்பு கோணலாக ஆடும். சுருதி பாதியாக இறங்க எடை நான்கு மடங்காக வேண்டும் என்பதால், முதல் சில வாஷர்கள் காட்டிய மாற்றத்தைப் பின்னால் வந்தவை காட்டவில்லை. 25 ஹெர்ட்ஸ் ஒலியைத் தொடர்ந்து ஓடவிட்டு, மின்சாரம் பெற்ற கூம்பின்மேல் விரல் நுனியை வைத்துப் பார்த்தேன். அதன் அசைவு மிகக் குறைந்த இடத்தில் நிறுத்தினேன்.

இன்று கையடக்கமான புளூடூத் ஒலிபெருக்கிகள் பலவற்றின் இரு முனைகளிலும் துடிக்கும் வட்டங்கள் ஆல்சனின் கூம்புகளே. நீண்ட குழாய்க்கு அவற்றில் ஏது இடம்? வாங்குவோர் பலருக்கு அவை அழகுக்காக வைத்தவை என்று தோன்றக்கூடும். எனக்கும் அப்படித்தானே தோன்றியது.

பெட்டிக்குள் ஒட்டிய குறிப்புச் சீட்டில், எடையையும் அதிர்வெண்ணையும் எழுதியபின், பொருளின் பெயரை 'துணைக் கூம்பு' என்று எழுதிவைத்தேன். பின்னாளில் இதைத் திறந்து பழுதுபார்ப்பவர் யாராயினும், அது செயலற்றது என்று எண்ணிச் சிறியதொன்றை மாட்டிவிடக் கூடாது.